சருகை விட்டுவையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குளிர்காலம் வந்தால் வேடந்தாங்கல், பள்ளிக்கரணை, கோடியக்கரை ஆகிய இடங்களின் பறவைப் படங்கள் நாளிதழ்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆனால் வலசை வரும் பறவைகளில் பல நம் தெருக்களிலும் குடியிருப்புப் பூங்காக்களிலுமே தங்குகின்றன என்பதும், அவற்றின் இரையையும் மறைவிடத்தையும் தூய்மை என்ற பெயரில் நாமே அகற்றிவிடுகிறோம் என்பதும் போதிய அளவு பேசப்படுவதில்லை.

ஆறுமணிக் குருவியையே எடுத்துக்கொள்வோம். இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரிக்கும் இப்பறவை, இரவு நேரங்களில் பறந்து அக்டோபர் வாக்கில் தமிழகம் வந்து சேருகிறது. வந்த களைப்பில் வீட்டு முற்றத்திலும் மொட்டைமாடியிலும் செயலற்றுக் கிடப்பதும் உண்டு. காகமும் பூனையும் அண்டாமல், காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் அமைதியான இடத்தில் வைத்திருந்தால், பெரும்பாலும் சில மணி நேரத்தில் தெளிந்து பறந்துவிடும். அதன் பிறகு அதற்கு வேண்டியவை மரநிழலும் அதனடியில் மக்கிக் கிடக்கும் சருகும்தான். அந்தச் சருகைக் கிளறித்தான் அது புழு பூச்சிகளைத் தின்று, கோடை தொடங்கும் வரை இங்கே வாழ்கிறது. கொடிக்கால் வாலாட்டியும் அவ்வாறே மரத்தடியில் இரை தேடுகிறது. நம் பூங்காக்களிலோ ஒரு இலை கூட மிஞ்சாதபடி பெருக்கி, பல இடங்களில் தீயும் வைத்துவிடுகிறார்கள்.

புதர்களின் நிலையும் இதுவே. வேலியோரப் புதருக்குள் ‘டக், டக்’ என ஒலியெழுப்பும் நாணல் கதிர்க்குருவியைக் கண்ணால் காண்பது அரிது. காதால் அறிவதே எளிது. அப்புதரை வெட்டிவிட்டால் அக்குரலும் அத்தெருவில் கேட்காது. பாம்புக்கு அஞ்சிப் புதரை அகற்றுவோரின் கவலை நியாயமானதே. வீட்டை ஒட்டியும் குழந்தைகள் விளையாடும் இடத்திலும் அதைச் செய்யட்டும். பூங்காவின் ஒரு மூலையையாவது பெருக்காமலும் வெட்டாமலும் விட்டுவைக்குமாறு உள்ளாட்சி அமைப்புகளையும் குடியிருப்போர் நலச் சங்கங்களையும் கேட்டுக்கொள்கிறேன்.

2015 முதல் பொங்கல் விடுமுறை நாட்களில் தமிழகத்தில் பறவைகள் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. இருக்கும் இடத்திலேயே குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளைப் பட்டியலிட்டு, பறவைப் பதிவுகளுக்கான ‘இபேர்ட்’ (eBird) இணையதளத்தில் பதிவேற்றினால் போதும். இக்கணக்கெடுப்பு பற்றிய அறிவிப்பைத் தங்கள் இதழ் பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பே, எளிதில் அடையாளம் காணத்தக்க சில பறவைகளின் படங்களோடு வெளியிட்டால், பள்ளி மாணவர்கள் பலர் தங்கள் தெருவிலிருந்தே இதில் பங்கேற்க முடியும்.

இப்படிக்கு,
வாசகர், தாம்பரம்