உன் காரின் இரைச்சல் பற்றி

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் மச்சானுக்கு,

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. மகளுக்குப் பேராதனைப் பல்கலைக்கழகம் கிடைத்ததில் எங்கள் வீட்டிலும் பெரிய சந்தோஷம். அம்மாவின் முழங்கால் நோ அப்படியேதான் இருக்கிறது, மற்றப்படி எல்லோரும் சுகம்.

சரி, கார் விஷயம். நியூட்ரலில் நிற்கும்போதே எஞ்சின் நிமிடத்துக்கு 1,800 சுற்றில் இரைகிறது, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்பியூட்டரை மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து அவசரப்படாதே மச்சான். என் கொரோலாவுக்கும் இதே வருத்தம் வந்தது. சூடான பிறகு 700, 800இல் நிற்க வேண்டிய எஞ்சின், 1,000க்கும் 1,800க்கும் இடையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கல்லடிப் பாலத்து நெரிசலில் பிரேக்கிலிருந்து காலை எடுக்கவே பயம். கால் மிதிக்காமலே சுற்று கூடினால் கம்பியூட்டர் பெற்றோலை நிறுத்தும், இறங்கியதும் திரும்ப விடும். அதனால்தான் அந்த ஏற்ற இறக்கம். கம்பியூட்டர் தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. எங்கேயோ தேவைக்கு மேல் காற்று உள்ளே போகிறது, அவ்வளவுதான்.

ஒரு கராஜில், சும்மா நிற்கும்போது போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் ஐடில் ஸ்குரூவை முழுக்க இறுக்கிப் பார்த்தார்கள். இரைச்சல் குறையவே இல்லை. காற்றுக்கு வேறு வழி இருக்கிறது என்று அப்போதே விளங்கியிருக்க வேண்டும்.

பிறகு நானே ஒரு ஞாயிறு உட்கார்ந்தேன். காற்றுக் குழாயைக் கழற்றிவிட்டு, அக்ஸிலரேட்டரை மிதித்தால் திறந்து காற்றை விடும் த்ரொட்டில் தகட்டுக்கு முன்னால் இருக்கும் சின்ன ஓட்டையை விரலால் பொத்தினேன். இரைச்சல் சட்டென்று இறங்கியது. அந்தக் காலத்து ரொயோட்டா எஞ்சின்கள் பலவற்றில் அந்த வழியை மூடுவது ஒரு மெழுகு வால்வு. குளிரில் திறந்திருக்கும், ரேடியேட்டர் தண்ணீரின் சூட்டில் மெழுகு விரிந்து மூடும். அந்தத் தண்ணீர் த்ரொட்டிலுக்குப் போய்வரும் இரண்டு சின்ன ஹோஸையும் தொட்டுப் பார்த்தேன். ஒன்று கை வைக்க முடியாத சூடு, மற்றது வெதுவெதுப்புக்கூட இல்லை. நடுவில் அடைப்பு, சூடு மெழுகுக்குப் போகவில்லை. எஞ்சினை ஆறவிட்டுக் கழற்றினால், சாயம் கூடின பிளேன்டீ மாதிரித் துருத் தண்ணீர். வருஷக்கணக்காக நம் கரையோரக் கிணற்று உவர்த் தண்ணீரை ஊற்றின பலன். கழுவி, கூலன்ட்டையும் காய்ச்சி வடித்த தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலந்து விட்டு, உள்ளே நின்ற காற்றை வெளியேற்றினேன். இப்போது 750. இறங்கி நின்று கேட்டுக்கொண்டே இருந்தேன், அவ்வளவு நிம்மதி.

நீ முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் மட்டத்தைப் பார். குறைந்தாலும் இதே கோளாறு வரும். அக்ஸிலரேட்டர் கேபிள் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். விரலால் பொத்தியும் இரைச்சல் இறங்கவில்லையென்றால், காற்று தகட்டுக்குப் பின்னால் நுழைகிறது. நம் வெயிலுக்கு வெடித்த ரப்பர் ஹோஸாக இருக்கலாம். துணி சுற்றிய குறட்டால் ஒவ்வொன்றாக நசுக்கிப் பார், எதை நசுக்கும்போது இறங்குகிறதோ அதுதான். ஆனால் பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் பூஸ்டரின் ஹோஸை, கார் ஓடிக்கொண்டிருக்கும்போது நசுக்காதே. சூடான எஞ்சினில் பெற்றோல் தெளித்துச் சோதிப்பவர்களைக் கிட்டவும் சேர்க்காதே.

2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினபோது எத்தனை பேர் என் காரை விலைக்குக் கேட்டார்கள்! அம்மாவை நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கார், கொடுக்க மனம் வரவில்லை. உன்னுடையதும் உன் அப்பா ஓடின கார்தானே.

வருகிற ஞாயிறு அக்கரைப்பற்றிலிருந்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வா. வந்ததும் பொனட்டைத் திறந்து ஆறவிடுவோம், அதற்குள் சாப்பாடு ஆகிவிடும்.

அன்புடன்,
உன் மச்சான்