அப்பாவுக்கு, ஒரு கடைசல் இயந்திரத்தைப் பற்றி

ஸ்பிரிங்ஃபீல்டு, மாசசூசெட்ஸ்
ஞாயிறு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சுகம். அம்மையின் முட்டுவலி குறைந்ததா? இங்கே பனி விட்டுவிட்டது. இந்த வாரமும் நைட் டூட்டிதான். மீன் கிடைக்கிறது, குடம்புளிக்குத்தான் பாடு.

உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியாத ஒன்றைப் பார்த்தேன். ஊர் நடுவே குன்றின்மேல் ஒரு பழைய துப்பாக்கித் தொழிற்சாலை. 1794 முதல் 1968-இல் மூடும்வரை அமெரிக்கப் பட்டாளத்துக்கு வேலை செய்த இடம். இப்போது மியூசியம், டிக்கெட் கிடையாது. உள்ளே நூற்றுக்கணக்கான துப்பாக்கிகளை நெட்டுக்குத்தாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். எத்தனை வீட்டுப் பிள்ளைகள் போனார்களோ என்று நினைத்து அங்கே நிற்க முடியவில்லை.

ஆனால் தாமஸ் பிளாஞ்சார்டின் கடைசல் இயந்திரத்தை விட்டு நகரவும் முடியவில்லை. "கடைசல்ல உருண்டைதான் வரும் மக்ளே, கோணல கைதான் எடுக்கணும்" என்பீர்களே. 1819-வாக்கில் அவர் கண்டுபிடித்த இது கோணலையே கடைகிறது அப்பா! துப்பாக்கிக் கட்டை தோள்பக்கம் அகன்று, பிடிபக்கம் ஒடுங்கி இருக்கும். அதே உருவில் ஒரு மாதிரி அச்சு. அச்சும் வால்நட் கட்டையும் ஒன்றுபோலச் சுற்றுகின்றன. அச்சின்மேல் ஒரு சக்கரம் மேடு பள்ளம் தடவி ஏறி இறங்க, வெட்டுச் சக்கரமும் அதே கணக்கில் மரத்தைச் செதுக்குகிறது. பிற்பாடு கோடாலிக்காம்பும் இப்படியே செய்தார்கள். அதற்குமுன் உளியால் செதுக்கியவர்கள் என்ன ஆனார்களோ? ரெடிமேட் கட்டில் வந்து நீங்கள் பட்டறை மோட்டாரைக் கழற்றி வைத்த நாள்தான் கண்ணில் நின்றது.

எம்1 துப்பாக்கியை உருவாக்கிய ஜான் காரண்டும் இங்கேதான் வேலை பார்த்தார். கனடாவிலிருந்து வந்தவர். லட்சக்கணக்கில் செய்தும் அவருக்குச் சம்பளம் மட்டுந்தான்.

இந்தக் குன்றில் ஆயுதக் கிடங்கு வைத்தது 1777-இல். நம் உதயகிரிக் கோட்டையில் டிலனாய் இறந்ததும் அதே வருஷம்! 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைக்காரர் அவர், திருவிதாங்கூருக்குப் பீரங்கி வார்த்தது அந்தக் கோட்டை இருக்கும் புலியூர்க்குறிச்சியில் என்று மியூசியம் வழிகாட்டியிடம் சொன்னேன். அவர் கேள்விப்பட்டதே இல்லை. நாமும் கோட்டைக்குப் பூங்கா பார்க்கத்தானே போவோம்.

தம்பியைக் கோட்டைக்கு அனுப்புங்கள். டிலனாய் கல்லறையில் லத்தீனோடு தமிழும் வெட்டியிருக்கிறதே, அந்த எழுத்து தெளிவாக விழும்படி ஒரு படம் வேண்டும். வழிகாட்டி கேட்டிருக்கிறார்.

உங்கள் மகள்