ராடு ஒட்டுகிறது என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதிக்கொள்வது.

வெல்டிங் பழகுவதைப் பற்றி நேற்று போனில் நீ அடுக்கடுக்காகக் கேட்டாய். கிரைண்டர் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வெல்டிங் ராடு இரும்பில் ஒட்டிக்கொள்வதற்குப் பெரும்பாலும் ஆம்பியர், அதாவது மின்னோட்டம், குறைவாக இருப்பதுதான் காரணம். 3.15 எம்.எம். கனமுள்ள 6013 ரக ராடுக்கு 100, 110 ஆம்பியரில் ஆரம்பி. தீக்குச்சி கிழிப்பதுபோல உரசி, ஆர்க், அதாவது ராடு நுனியில் எரியும் மின்சுடர், பிடித்ததும் லேசாகத் தூக்கு. ராடின் உள்ளே இருக்கும் கம்பியின் கனம் அளவுக்குத்தான் இடைவெளி. அதற்கு மேல் போனால் பொறி சிதறும், பீடு, அதாவது உருகிய இரும்பு படியும் வரி, பரந்து போகும், உள்ளே பிடிக்காது. சத்தமே சொல்லிவிடும்: ஓட்டின் மேல் விடாத மழை விழுவதுபோல ஒரே சீராகச் சடசடக்க வேண்டும். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் கிளாம்பைப் பெயிண்டின் மேல் மாட்டாதே. சுரண்டி, வெறும் இரும்பில் மாட்டு.

பீடு ஏன் கோணல்மாணலாக வருகிறது என்றாய். நீ ஆர்க்கின் வெளிச்சத்தையே பார்க்கிறாய் அம்மா. அதற்குப் பின்னால், உருகிய இரும்பு சின்னக் குளமாக நிற்கும். அதைப் பார். குளத்தின் இரண்டு ஓரமும் இரண்டு தகட்டிலும் ஏறிப் பிடிக்கிறதா என்று பார்த்தபடியே நகர்த்து. ராடின் பூச்சு உருகி மிதக்கும் கசடு குளத்தை முந்தி ஓடி வந்தால், அதன் மேலேயே இரும்பு விழுந்து கசடு உள்ளே சிக்கிக்கொள்ளும். அப்போது ராடைப் போகும் திசையில் இன்னும் கொஞ்சம் சாய்த்து, ஆர்க்கைக் குறுக்கு. குளம் கண்ணுக்குப் பிடிபட எனக்கே பல வாரங்கள் ஆயின.

7018 ரக ராடை ஏன் ஓவனில் வைக்கிறார்கள் என்றும் கேட்டாய். வேலைக்குச் சேர்ந்த புதிதில், திறந்து கிடந்த பெட்டியிலிருந்து அந்த ராடை எடுத்துக் கனமான தகட்டில் போட்டேன். கசடு தானாக உரிந்து வந்தது, பீடு அவ்வளவு அழகு. மறுநாள் காலை வந்து பார்த்தால், பீடின் ஓரத்தையொட்டி நூல் இழைபோல ஒரு வெடிப்பு. பூச்சு உறிஞ்சிய ஈரத்திலிருந்து ஹைட்ரஜன் இரும்புக்குள் போய்விடும். தகடு ஆறிப் பல மணி நேரம் கழித்துத்தான் வெடிக்க வைக்கும். கனமான வேலையைச் சோதிப்பவர்கள் 48 மணி நேரம் காத்திருப்பது இதற்காகத்தான். பெட்டியைப் பிரித்த பிறகு 7018-ஐ 120 முதல் 150 டிகிரி செல்சியஸ் சூட்டிலேயே வைத்திரு. கைக்கு வேண்டியதை மட்டும் எடு.

கம்பி தானாக வரும் மிக் வெல்டிங் நல்லதா, டிக் வெல்டிங் நல்லதா என்ற சண்டையில் இப்போது இறங்காதே. மிக் வேகமானது, ஆனால் காற்றடிக்கும் இடத்தில் உருகிய இரும்பைக் காக்கும் அதன் வாயு கலைந்து பீடில் ஓட்டை விழும். டிக்குக்கு ஒரு கையில் டார்ச், மறு கையில் கம்பி என்று இரண்டு கையும் பழக வேண்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பானவன். துத்தநாகம் பூசிய குழாயை அப்படியே வெல்டு செய்யாதே. அந்தப் புகை ராத்திரியில் குளிரும் காய்ச்சலுமாக உன்னைப் படுக்க வைத்துவிடும். பூச்சைத் தேய்த்து எடு, புகை வெளியேற வழி செய். முகத்தை மறைக்கும் ஷீல்டில் 10 அல்லது 11 நம்பர் கறுப்புக் கண்ணாடி போடு. ஒரு டேக், அதாவது ஒரு சின்னப் பொட்டு வெல்டுதானே என்று ஷீல்டு இல்லாமல் கண்ணை மூடிக்கொண்டு அடிக்காதே. சில மணி நேரம் கழித்துக் கண்ணுக்குள் மணல் கொட்டியதுபோல உறுத்தும்.

அடுத்த முறை கசடைத் தட்டி, பிரஷ் போட்டுப் படம் அனுப்பு. ஒரு துண்டைக் குறுக்கே அறுத்தும் அனுப்பு. வேர் வரை, அதாவது இணைப்பின் அடி வரை பிடித்திருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா