மேசையை ஒழித்துக் கொடுக்காதே

அன்புள்ள மகளுக்கு,

"பாட்டிக்கு அவ்வளவு கைத்திறமை இருந்தும் வீட்டைத் தாண்டி ஒன்றும் செய்யவில்லையே, வருத்தம் இருந்திருக்காதா?" என்று போனில் கேட்டாய். அப்போது பேச்சு வேறு எங்கோ போய்விட்டது. போனில் சொல்லி முடிகிற பதிலும் இல்லை அது.

பாட்டியைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் குடும்பத்துக்காகவே உருகினவள் என்கிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. உருகுகிற ஆளா அவள்? துணி வெட்டும்போது பக்கத்தில் போனாலே கத்துவாள். அந்தக் கத்தரியால் யாராவது காகிதம் வெட்டிவிட்டால் அன்றைக்கு வீடே அடங்கிக் கிடக்கும். காகிதம் வெட்டினால் கூர் மழுங்கிவிடும் என்பது, எழுதப் படிக்க வரும் முன்பே எங்களுக்குத் தெரிந்துவிட்ட பாடம். புது உடை போட்டுக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் விளையாடப் போனால் கூப்பிட்டு நிறுத்துவாள். "கழுத்து எப்படி உட்கார்ந்திருக்கிறது, பார்த்தாயா?" பாராட்டு அவளுக்கு வேண்டும். ஏன் வேண்டாம்?

உன் அத்தைக்கு ஒரு கவுன் இருந்தது. தைக்கும்போதே கீழ்மடிப்பில் நிறையத் துணியை உள்ளே விட்டிருந்தாள். அத்தை வளர வளர, மடிப்பைப் பிரித்து இறக்குவாள். இறக்கினால் பழைய மடிப்பு இருந்த இடத்தில் ஒரு கோடு தெரியும். அதற்கு மேலே சாயம் வெளுத்திருக்கும், உள்ளே மடிந்து கிடந்த துணி மட்டும் பளிச்சென்று இருக்கும். எவ்வளவு இஸ்திரி போட்டாலும் அந்தக் கோடு போகாது. அதன்மேல் சங்கிலித் தையலில் ஒரு கொடியை ஓட்டிவிடுவாள். அடுத்த தடவை இறக்கும்போது இன்னொரு கொடி, வேறு நிறத்தில். பார்த்தவர்கள் அதை ஒரு டிசைன் என்றே நினைத்தார்கள். டிசைன்தானே! அத்தைக்கு இனிப் பற்றாது என்று ஆனபோதுதான் அந்தக் கவுன் முழு அழகுக்கு வந்திருந்தது.

ஸ்வெட்டரும் இப்படித்தான். சிறிதானதைப் பிரித்து, நூலை நாற்காலி முதுகில் சுற்றி, வளையமாக, சிட்டமாகக் கட்டி, அலசித் தொங்கவிடுவாள். ஈரத்தில்தான் நூலின் நெளிவு போகும். அப்புறம் என் நீலமும் சித்தப்பாவின் சாம்பல் நிறமும் சேர்ந்து, யாருக்காவது பட்டை போட்ட ஸ்வெட்டராக வரும்.

வெளியே போய்த் தைத்திருந்தால் இதைவிட நுணுக்கமாக எத்தனையோ செய்திருப்பாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிள்ளை வளராமல் அந்தக் கொடி வந்திருக்காது. அதனால் குடும்பம் ஒரு பக்கம், கலை ஒரு பக்கம் என்று பிரித்துவைத்து வருத்தப்பட எனக்கு வரவில்லை.

இருந்தாலும் உன் கேள்வி பாதி சரி. அவளுக்கென்று ஒரு மேசை கிடையாது. எல்லாம் சாப்பாட்டு மேசையில்தான். வேலை பாதியில் இருக்கும். சாப்பாட்டு நேரம் வந்துவிடும். குத்திய குண்டூசிகளோடு துணியைச் சுருட்டி அலமாரி மேல் வைப்பாள். திரும்ப விரித்தால் எல்லாம் நகர்ந்திருக்கும். அதற்கு மட்டும் வாய்விட்டு அலுத்துக்கொள்வாள். தாத்தா நல்லவர், கேட்டிருந்தால் வாங்கிக் கொடுத்திருப்பார். கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. கேட்காமலே செய்ய அவருக்கும் தோன்றவில்லை. வருத்தம் என்று ஒன்று இருந்திருந்தால் அது இதுவாகத்தான் இருக்கும்.

நீ படம் வரைகிற மேசையை, பிள்ளை படிப்பதற்காக ஒழித்துக் கொடுக்கலாமா என்று யோசிப்பதாகச் சொன்னாய். கொடுக்காதே. அவனுக்கு வேறு மேசை வாங்கு. இடம் இல்லையென்றால் உன் மேசையிலேயே ஓர் ஓரமாக உட்காரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துத்தான் எனக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுக்க வந்தது.

பாட்டியின் தையல் பெட்டியை அனுப்புகிறேன். கத்தரியைச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன். அளவு நோட்டும் உள்ளே இருக்கிறது. எங்கள் எல்லோருடையதையும்விடத் தன் அளவைத்தான் அதிகம் அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறாள், பார்த்தால் சிரிப்பாய். நூல்கண்டுகளை வேண்டுமானால் அழகுக்கு வைத்துக்கொள், தைக்க எடுக்காதே. பழைய பருத்தி நூல், இழுத்தால் அறுந்துவிடுகிறது.

அன்புடன்,
அப்பா