ஸ்ப்ளைசிங்: புரதங்கள் எங்கே போயின?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் அறிவியல் பக்கத்தில் ஜீன் ஸ்ப்ளைசிங் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அதாவது, ஜீனின் ஆர்.என்.ஏ. நகலிலிருந்து இன்ட்ரான் என்ற இடைத்துண்டுகளை வெட்டி நீக்கி, எக்ஸான் என்ற மீதித் துண்டுகளை ஒட்டுவது. 1977-இல் ஷார்ப், ராபர்ட்ஸ் குழுக்களின் கண்டுபிடிப்பு, 1993-இல் நோபல் பரிசு, எல்லாம் சரி. ஆனால் எந்த இடத்தில் வெட்டுவது என்று செல்லுக்கு எப்படித் தெரிகிறது? கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறேன். என் மாணவர்கள் முதலில் கேட்பதே இதைத்தான். கட்டுரை அதைத் தொடவே இல்லை.

அந்த இடத்தை அடையாளம் காட்டுவது ஆர்.என்.ஏ.வைப் பற்றும் புரதங்கள். அப்படிப் பற்றும் புரதப் பகுதிகளில் மிகப் பரவலானது ஆர்.ஆர்.எம். (ஆர்.என்.ஏ.வை அடையாளம் காணும் பகுதி). அளவில் சிறியது, சுமார் 90 அமினோ அமிலங்கள்தான். நான்கு பீட்டா இழைகள் சேர்ந்த தட்டு, அதன் முதுகில் இரண்டு ஆல்ஃபா சுருள்கள். தட்டின் முகப்பிலுள்ள வளைய அமினோ அமிலங்கள் ஆர்.என்.ஏ.வின் காரங்களோடு, அதாவது அதன் எழுத்துகளோடு, அடுக்காக ஒட்டிக்கொள்கின்றன. ஒரு ஆர்.ஆர்.எம். சில எழுத்துகளைத்தான் படிக்கும். அதனால் யு2ஏஎஃப்65 என்ற புரதம் இரண்டு ஆர்.ஆர்.எம்.களைக் கொண்டு, இன்ட்ரானின் முடிவுக்கு அருகே யூராசில் ('யு' எழுத்து) மிகுந்த பகுதியைப் பிடிக்கிறது. அதன் கூட்டாளி யு2ஏஎஃப்35, இன்ட்ரானின் கடைசி 'ஏஜி' எழுத்துகளை அடையாளம் காண்கிறது. இரண்டும் சேர்ந்துதான் வெட்டி ஒட்டும் இயந்திரத்தின் பாகமான யு2 துகளை வரவழைக்கின்றன.

இது பாடப்புத்தக விஷயம் மட்டுமில்லை. முதுகுத்தண்டுத் தசைநலிவு நோய்க்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற நுசினெர்சன் என்ற மருந்து, ஆர்.ஆர்.எம். கொண்டு எக்ஸான் சேர்வதைத் தடுக்கும் புரதம் ஒன்று எஸ்எம்என்2 என்ற ஜீனின் ஆர்.என்.ஏ.வில் உட்காரும் இடத்தை மறைத்து, 7-ஆம் எக்ஸானைச் சேர்க்க வைக்கிறது. அடுத்த முறை இதையும் எழுதுங்கள், முடிந்தால் ஒரு படத்தோடு.

இப்படிக்கு,
ஓர் உயிர்வேதியியல் ஆசிரியை