கிராங்க் ஜன்னலுக்கு மொத்த ஆர்டர் போடும் முன்

ஓசூர் அடுக்குமாடிக் குடியிருப்போர் நலச் சங்க நிர்வாகிகளுக்கு,

வணக்கம். கைப்பிடியைச் சுற்றித் திறக்கும் ஜன்னல்கள் மக்கர் பண்ணினால், ஒரு வீட்டில் ஆபரேட்டரை, அதாவது கைப்பிடியைச் சுற்றும்போது கதவைத் தள்ளும் பல்சக்கரப் பொறியை, கழற்றிக் கடையில் காட்டி, எல்லா வீட்டுக்கும் அதையே வாங்கிவிடுகிறார்கள். விலை படியும், பொருள் பொருந்தாது.

முதலில் கைப்பிடியைக் கழற்றுங்கள். நீட்டியிருக்கும் தண்டைப் பிளையரால் பிடித்துச் சுற்றுங்கள். ஜன்னல் நகர்ந்தால் ஆபரேட்டரில் கோளாறு இல்லை. கைப்பிடியின் உள்பல்தான் மழுங்கியிருக்கிறது. அது பெரும்பாலும் துத்தநாகக் கலவை வார்ப்பு, தண்டோ எஃகு. எது தேயும் என்று சொல்லவா வேண்டும்? கைப்பிடியை மட்டும் மாற்றினால் போதும். ஆனால் தண்டின் விட்டம் 5/16, 11/32, 3/8 அங்குலம் என மாறும். முதல் இரண்டுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. டேப் உதவாது, வெர்னியர் காலிப்பரில் அளக்க வேண்டும்.

தண்டு சுற்றியும் ஜன்னல் அசையாவிட்டால்தான் ஆபரேட்டரைச் சந்தேகிக்கலாம். ஆபரேட்டரிலிருந்து கதவுக்கு நீளும் உலோகக் கையின் நுனியிலுள்ள உருளை, கதவிலுள்ள தடத்தின் வெட்டுக்கு நேராக வரும்வரை கதவைத் தள்ளி, அந்தக் கையை அழுத்தி விடுவியுங்கள். இன்னொருவர் கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். மேல்மாடிக் காற்று பொறுமை பார்க்காது. இப்போது கதவை இரண்டு விரலால் ஆட்டுங்கள். கதவு கனமாக நகர்ந்தால் குற்றவாளி கீல். கிரானைட் தூசி அடைத்த கீல் தடத்தைச் சுத்தம் செய்யாமல் புது ஆபரேட்டர் போட்டால் அதன் பல்லும் போகும். தடத்துக்கு சிலிகான் ஸ்ப்ரே போதும். தேங்காய் எண்ணெயும் இன்ஜின் ஆயிலும் தூசியைக் கூட்டிச் சேர்க்கும்.

ஆர்டருக்கு ஜன்னல்வாரியாக எழுத வேண்டியவை: ஒற்றைக் கையா, இரட்டைக் கையா, கையின் நீளம், ஸ்க்ரூ துளைகளின் மையத்துக்கு மையம் தூரம், கீல் எந்தப் பக்கம். இடம், வலம் என்று மட்டும் எழுதாதீர்கள். உள்ளிருந்து பார்த்தா, வெளியிலிருந்து பார்த்தா என்பது விற்பவருக்கு விற்பவர் மாறும். கீல் பக்கத்தைக் குறித்த போட்டோ அனுப்புங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டுச் சாதாரணக் கொக்கி போடலாம் என்ற யோசனையும் கேட்கிறது. உள்பக்கக் கொசுவலையைத் திறக்காமலே ஜன்னலைத் திறக்கத்தானே கிராங்க்? கொக்கி போட்டால் மாலையில் வலையைத் திறந்துதான் ஜன்னலைச் சாத்த வேண்டும்.

குடியிருப்போருக்கு நோட்டீஸ் ஒட்டினால் ஒரு வரி சேருங்கள்: பூட்டு நெம்புகோலைத் திறக்காமல் கைப்பிடியைச் சுற்றாதீர்கள். நல்ல ஆபரேட்டரும் அதில்தான் உடைகிறது.

இப்படிக்கு,
ஜன்னல் பொருத்தும் தொழிலாளர்கள், ஓசூர்