பண்டாரவளை வீட்டு விளம்பரம் பற்றிய முறைப்பாடு

பண்டாரவளை
2026 பெப்ரவரி 9

விற்பனை முகாமையாளர் அவர்களுக்கு,

வணக்கம். பூனாகலை வீதியில் இருக்கும் எங்கள் வீட்டை விற்றுத் தரும்படி கடந்த ஒக்டோபரில் உங்கள் தரகு நிறுவனக் கிளையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டேன். விளம்பரச் செலவு என்று 45,000 ரூபாய் கட்டினேன். காணி உரிமைப் பத்திரமான மூல உறுதியையும் நில அளவைப் படத்தையும் "எங்ககிட்ட பத்திரமா இருக்கட்டும் சேர்" என்று உங்கள் அலுவலர் வாங்கிக்கொண்டு போனார். நாலு மாதமாகியும் வீடு விற்கவில்லை. இந்தக் கடிதம் அதற்காக இல்லை. நவம்பரில் டித்வா புயல் அடித்த பிறகு மலையில் வீடு வாங்க யாரும் தயங்கத்தான் செய்வார்கள், அது உங்கள் பிழையில்லை. விளம்பரத்தில் நீங்கள் எழுதியது பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அதை எனக்கு முதலில் காட்டியது, கீழே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பிள்ளை ஒருத்தி. உயர்தரம் படிக்கிறாள், பின்னேரங்களில் எங்கள் விறாந்தையில் உட்கார்ந்து கணக்குச் செய்வாள். போனை என்னிடம் நீட்டிவிட்டு, "சேர், நாங்க பக்கத்துல இருந்தா ஒங்க வீட்டு வெல கொறைஞ்சிருமா?" என்று கேட்டாள். வாங்கிப் பார்த்தேன். "தோட்ட லயங்களின் தொந்தரவு இல்லாத அமைதியான சூழல்" என்று இருந்தது. முப்பத்தொரு வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். அந்தப் பிள்ளைக்குச் சொல்ல என்னிடம் பதில் இருக்கவில்லை.

நான் பிறந்தது அந்த லயத்தில். எங்கள் வாசலில் நின்று பார்த்தால் இடமிருந்து மூன்றாவது காம்பரா. அப்பாவின் சேமலாப நிதிக் காசோடு நான் எடுத்த கடனையும் சேர்த்து 1998இல் இந்த வீட்டைக் கட்டினோம். கல்லையும் மணலையும் வீதியிலிருந்து மேலே சுமந்து வந்தவர்கள் அதே லயத்து ஆட்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வந்தார்கள், சோறும் தேத்தண்ணியும்தான் கூலி. மரண உதவிச் சங்கத்தின் கதிரைகளும் பந்தல் தகரமும் இன்றைக்கும் எங்கள் கராஜில்தான் அடுக்கியிருக்கின்றன. ஆடியில் அம்மன் தேர் எங்கள் கேட்டடியில் நின்று, தேங்காய் உடைத்த பிறகுதான் நகரும். இதில் எதைத் தொந்தரவு என்று எழுதினீர்கள்?

ஜனவரியில் வெள்ளவத்தையிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வீடு பார்க்க வந்தார்கள். நல்ல மனிதர்கள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் அந்த ஐயா மெதுவாகக் கேட்டார், "பக்கத்தால போற பாதையை எப்ப மூடித் தருவீங்க?" எனக்கு ஒன்றும் புரியவில்லை. காணியின் ஓரத்தில் நாலடிக் குறுக்குப் பாதை ஒன்று உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் காலையில் அதால்தான் மேல் மலைக்கு ஏறுவார்கள், பிள்ளைகள் அதால்தான் பாடசாலைக்கு இறங்குவார்கள். அந்த வழியுரிமை உறுதியிலேயே எழுதியிருக்கிறது, நில அளவைப் படத்திலும் கோடு போட்டுக் காட்டியிருக்கிறது. இரண்டும் உங்கள் அலுமாரியில்தானே இருக்கின்றன? ஒரு தடவை எடுத்துப் பார்த்திருந்தால், மதில் கட்டி முழுத் தனிமை பெறலாம் என்று அவர்களிடம் சொல்லியிருக்க மாட்டீர்கள். நான் உள்ளதைச் சொன்னேன். வடிவாகக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், பிறகு பேச்சே இல்லை.

சரி, மற்றவற்றுக்கு வருகிறேன். காணி 15 பேர்ச் என்று போட்டிருக்கிறீர்கள். உறுதியில் உள்ளது 12.5. பாதையையும் பின்னால் உள்ள வாய்க்கால் ஒதுக்கையும் சேர்த்தால்தான் உங்கள் கணக்கு வரும். இரண்டரை பேர்ச் என்பது 680 சதுர அடி, ஒரு சின்ன வீடே கட்டலாம். வெளிநாட்டவரும் வாங்கலாம் என்று இன்னொரு வரி. வெளிநாட்டவருக்குக் காணி கைமாற்றுவதைத் தடுத்து 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வந்து பன்னிரண்டு வருடமாகிறது. காணி விற்பதே தொழிலாக இருக்கும் உங்களுக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

"வற்றாத கிணறு" என்றும் எழுதியிருக்கிறீர்கள். உமா ஓயா நீர்த்திட்டச் சுரங்கத்துக்குள் நிலத்தடித் தண்ணீர் பாய்ந்த பிறகு இந்தப் பக்கத்தில் எத்தனை கிணறுகள் வற்றின, எத்தனை சுவர்கள் வெடித்தன என்று பண்டாரவளையில் கடை வைத்திருப்பவர் எவரும் சொல்வார். எங்கள் கிணறு 2017இல் அடி வரைக்கும் காய்ந்தது. கீழ்ப் பீலியிலிருந்து குடத்தில் தண்ணீர் கொண்டுவந்துதான் சமைத்தோம். இப்போது தண்ணீர் இருக்கிறது, ஆனால் மாசியில் இறங்கும். இதையெல்லாம் உங்கள் அலுவலரிடம் வாயாலேயே சொன்னேன், அவரும் தலையாட்டினார்.

மண்சரிவு விஷயத்தை என்னால் சும்மா விட முடியாது. 2016இல் பின்னறை கட்டும்போது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிக்கை எடுத்தோம். மேல்மாடி வேண்டாம், பின் மண்மேட்டை வெட்ட வேண்டாம், வடிகானை அடைபடாமல் வைத்திருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருக்கிறது. அதன் பிரதியை உங்களிடம் கொடுத்தபோது, "இதை இப்ப காட்டினா ஆள் ஓடிரும் சேர்" என்று உங்கள் அலுவலர் திருப்பித் தந்தார். விளம்பரத்திலோ "எல்லவுக்கு அருகில், மேல்மாடி எழுப்பி விடுதியாக்க ஏற்றது" என்று இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போன வாரம், முகாமுக்கு அரிசி கொண்டுபோனவன் நான். என் வீட்டை வாங்குகிறவர் அந்தத் தாளை வாசித்த பிறகுதான் அட்வான்ஸ் தர வேண்டும். ஓடினால் ஓடட்டும்.

இதே அலுவலர் உறுதியில் விலையைக் குறைத்துப் போடலாம் என்றும் யோசனை சொன்னார். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி எண்பத்தைந்து இலட்சத்துக்கு 739,000 ரூபாய் வரும், தொண்ணூறு இலட்சம் என்று எழுதினால் 359,000தான். கணக்கு சரி. ஆனால் பொய் விலைக்கு நான் நொத்தாரிசு முன்னால் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்போது வீட்டைக் கேட்பவர் என் பழைய மாணவி. தியத்தலாவை ஆஸ்பத்திரியில் தாதியாக இருக்கிறார். பாதை, கிணறு, அறிக்கை எல்லாம் தெரிந்தே கேட்கிறார், வங்கிக் கடனுக்கும் பேசிவிட்டார். வங்கி மூல உறுதியைப் பார்க்கக் கேட்கிறது. உங்கள் கிளையில் கேட்டால், ஆறு மாத ஒப்பந்தம் ஏப்ரல் வரைக்கும் இருக்கிறது, யார் வாங்கினாலும் 3 வீதத் தரகு கட்டினால்தான் உறுதி கிடைக்கும் என்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை நான் ஒழுங்காக வாசிக்காமல் கையெழுத்திட்டது உண்மை. கேள்வியை இரண்டு தரம் வாசி என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொன்னவன் செய்த பிழை அது. ஆனால் உறுதியைப் பணயமாக வைத்திருக்கலாம் என்று அதில் எந்த வரியும் இல்லை. இப்போது கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தரம் வாசித்துவிட்டேன்.

ஆகவே விளம்பரத்தை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். உண்மையில்லாத விளம்பரத்துக்கு வாங்கிய 45,000 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். ஒப்பந்தம் ரத்து என்று எழுத்தில் தாருங்கள், தரகு கேட்கும் பேச்சும் அதோடு முடியட்டும். பதினான்கு நாட்களுக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழைப்பேன், மத்தியஸ்த சபைக்கும் போவேன். விளம்பரத்தின் படமும் கட்டணப் பற்றுச்சீட்டும் என்னிடம் இருக்கின்றன.

இன்னுமொன்று. அந்த லயத்து வரியை எழுதியவர் ஒரு பின்னேரம் எங்கள் விறாந்தைக்கு வந்து, அந்தப் பிள்ளை கேட்டதற்குப் பதில் சொன்னால் நல்லது. நாலு மணிக்குப் பிறகு அவள் இருப்பாள்.

உறுதியைத் தபாலில் அனுப்ப வேண்டாம். மனைவிக்கு முழங்கால் வலி, அவரைத் தனியே விட்டு வர முடியாது. புதன்கிழமை கிளினிக்குக்குக் கூட்டி வரும்போது நானே உங்கள் கிளைக்கு வந்து கையெழுத்திட்டு வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர்
(ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்)